மேடம் நிஜமாகவே விழுந்த அன்று

மேடம் விழாத இடமில்லை. பஸ் நிறுத்தத்தில் விழுவார், விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் விழுவார், ஒருமுறை காய்கறிக் கடை வாசலில் வெங்காயக் கூடையோடு சேர்ந்தே விழுந்தார். கடைக்காரர் பதறியடித்துக்கொண்டு தண்ணீரோடு ஓடிவந்தபோது, மேடம் ஒற்றைக் கண்ணைத் திறந்து, "நீங்க கொஞ்சம் ஒதுங்குங்க, என் பிள்ளைங்க பாத்துக்குவாங்க" என்று அந்த ஊர் மொழியில் சொன்னார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அந்தத் தெருவில் யாரும் தலைகாட்ட முடியவில்லை. கடைக்காரருக்கு அவ்வளவு கோபம்.

பைத்தியம் ஒன்றும் பிடிக்கவில்லை, எல்லாம் பயிற்சிதான். மேடம் கல்லூரியில் நதிகளைப் பற்றிப் பாடம் நடத்துபவர். ஆண்டுதோறும் மூன்றாம் ஆண்டு மாணவர்களைக் கடல் கடந்து அழைத்துப் போய், அங்கே ஓர் ஆற்றுப் பராமரிப்பு நிலையத்தில் ஒரு பருவம் முழுக்க வேலை செய்ய வைப்பார். வகுப்பறை, கரும்பலகை எதுவும் கிடையாது. இடுப்பு வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஆற்றில் இறங்க வேண்டும், சேறு அள்ள வேண்டும், தண்ணீரைப் பிடித்துச் சோதிக்க வேண்டும். நிலையத்து ஆட்களோடு அவர்கள் மொழியிலேயே மல்லுக்கட்ட வேண்டும். அதுதான் படிப்பு.

தண்ணீரில் இறங்குகிற வேலை என்பதால், கூட்டிப் போகிற ஆசிரியர் முதலுதவி கற்றுக்கொடுக்கிற தகுதியும் பெற்றிருக்க வேண்டும். மேடம் பெற்றிருந்தார். பொம்மையைப் படுக்கவைத்துச் சொல்லிக்கொடுத்தால் பொம்மையைத்தான் காப்பாற்றுவார்கள் என்பது அவர் கட்சி. அதனால் சொல்லாமல் கொள்ளாமல் தானே விழுவார். ஒருநாள் கால் உடைந்தது என்பார், ஒருநாள் தேனீ கொட்டியது என்பார். பிள்ளைகள் வேலையைப் பிரித்துக்கொண்டு பார்க்க வேண்டும். அவர் வாயிலிருந்து "பயிற்சி முடிஞ்சது" என்று வந்ததும் எல்லோரும் கையை எடுத்துவிட வேண்டும். அந்த விதியை மட்டும் யாரும் மீறக் கூடாது.

பிள்ளைகள் லேசுப்பட்டவர்களா? மேடத்தின் நடிப்புக்கே மார்க் போடத் தொடங்கிவிட்டார்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடும் வேலை எப்போதும் நெட்டை என்கிற பையனுக்கு. பயிற்சிக்கெல்லாம் நிஜமாகக் கூப்பிட முடியுமா? கட்டைவிரலைக் காதிலும் சுண்டுவிரலை வாயிலும் வைத்துக்கொண்டு, முகவரியைக் கணீரென்று ஒப்பிப்பான்.

நாடி பார்ப்பது வக்கீல். அது பட்டப்பெயர்தான், எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வந்தது. மேடத்துக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். இந்தக் கரையில் தண்ணீர் பிடி என்றால், அந்தக் கரையில் ஏன் பிடிக்கக் கூடாது என்பாள். இவள் மட்டும் தாடியின் குழுவில் இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதி என்று மேடம் பலமுறை நினைத்ததுண்டு. தாடி என்பவர் கூட வந்திருந்த இன்னோர் ஆசிரியர். பாதிப் பிள்ளைகளோடு அவர் ஆற்றின் மேற்பகுதியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று விடிந்ததிலிருந்தே மேடத்துக்குத் தாடை வலித்தது. பல்வலி என்று நினைத்துக்கொண்டார். மழையில் ஆற்றங்கரையில் நின்றபோது வலி முதுகுக்கு வந்தது. எல்லோரும் உடை மாற்றும் அறைக்குத் திரும்பியபோது வயிற்றைக் குமட்டியது. சுவரெல்லாம் பூட்ஸ்கள் தலைகீழாகத் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தன. மூலையில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மேடம் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பூட்ஸைக் கழற்றினார். மற்றதைக் கழற்றத் தெம்பில்லை.

என்னவென்று அவருக்குத் தெரியாதா? "பொம்பளைங்களுக்கு மாரடைப்பு சினிமாவுல வர்ற மாதிரி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வராது. தாடையில வரும், முதுகுல வரும், குமட்டும், வேர்த்துக் கொட்டும்" என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த வாய் அது. தனக்கென்று வந்ததும் அதே வாய், வாயுத் தொல்லையாக இருக்கும் என்றது.

காரணம் இல்லாமல் இல்லை. தகுதி பெற்ற ஆசிரியர்கள் இரண்டு பேர் இருந்தால்தான் இந்தப் படிப்பு நடக்கும். ஒருவர் படுத்துவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் வீண். பெற்றவர்கள் கண்ணீரும் கம்பலையுமாக வழியனுப்பியதை மேடம் விமான நிலையத்தில் நின்று பார்த்தவர். "நான் இருக்கேன்ல" என்று ஒவ்வொரு அம்மாவின் கையையும் பிடித்துச் சொன்னவர். இப்போது தன் பிள்ளைகளின் படிப்புக்குத் தானே உலை வைப்பதா? சாயங்காலம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம், தாடி வந்ததும் ஓசைப்படாமல் டாக்டரிடம் போகலாம் என்று முடிவு செய்தார். முடிவு செய்த கையோடு பெஞ்சிலிருந்து சரிந்து ஈரத் தரையில் விழுந்தார்.

அறையில் சிரிப்பு எழுந்தது.

"மேடம், ஒத்தக் கால் பூட்ஸோடவா? நல்லா இருக்கு!"

"ஆனா விழுந்த விதம் சுமார்தான். வெங்காயக் கூடை அளவுக்கு இல்ல."

சிரித்துக்கொண்டே சூழ்ந்தார்கள். ஒருத்தி தலைக்குத் துண்டை மடித்து வைத்தாள், ஒருவன் காலில் மாட்டியிருந்த பூட்ஸை உருவினான். வக்கீல் மண்டியிட்டு மணிக்கட்டைப் பிடித்தாள். மேடத்துக்கு ஒரு வழி தென்பட்டது. இவர்கள் பயிற்சி என்றுதானே நினைக்கிறார்கள், நினைக்கட்டும். இருக்கிற மூச்சையெல்லாம் திரட்டிச் சொன்னார்.

"பயிற்சி முடிஞ்சது. நல்லா செஞ்சீங்க. என்னைத் தூக்கி உக்கார வைங்க."

எல்லோரும் கையை எடுத்தார்கள். வக்கீல் எடுக்கவில்லை.

"கைய எடும்மா."

"மேடம், உங்க கை ஜில்லுனு இருக்கு."

"மழையில நின்னேன்ல."

"நாங்களும்தான் நின்னோம்."

"முடிஞ்சதுன்னா முடிஞ்சது. விதி தெரியாதா உனக்கு?"

"தெரியும் மேடம்." அவள் இன்னொரு கையால் மேடத்தின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "வேர்வைய எப்படி மேடம் நடிப்பீங்க?"

மேடத்துக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "எல்லாத்துலயும் வாதாடணும் உனக்கு! வெளிய போ! இனிமே என் குழுவுல இருக்காத, தாடி சார்கிட்ட போயிடு!" என்று கத்தினார். கத்தல் பாதியிலேயே தேய்ந்துபோனது.

அந்தப் பெண்ணின் முகம் செத்துப்போயிற்று. ஒரு நிமிஷம் மேடத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி, "இது நிஜம். நெட்டை, ஆம்புலன்ஸ்!" என்றாள்.

நெட்டை பழக்கதோஷத்தில் கட்டைவிரலைக் காதில் வைத்துக்கொண்டு, "ஹலோ, ஆற்றுப் பராமரிப்பு நிலையத்திலிருந்து பேசறோம்" என்று கணீரென ஆரம்பித்துவிட்டான்.

"டேய், நிஜ போன்டா!"

அவன் தன் கையையே திருதிருவென்று பார்த்தான். அப்புறம்தான் பாக்கெட்டைத் துழாவினான். அந்த நேரத்திலும் மேடத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் முடியவில்லை.

அதற்குப் பிறகு அந்த அறையில் ஒரு கூச்சல் குழப்பமில்லை. மேடத்தைச் சுவரோடு சாய்த்து, முழங்காலை மடக்கி உட்கார வைத்தார்கள். ஒருத்தி முதலுதவிப் பெட்டியிலிருந்து ஆஸ்பிரினைத் தேடி எடுத்தாள். "உங்களுக்கு ஏதாவது மருந்து ஒத்துக்காம போகுமா?" என்று வக்கீல் கேட்டாள். அசல் மேடத்தின் குரலேதான். அவர் தலையசைத்து மறுத்ததும், மாத்திரையை மென்று தின்ன வைத்தாள். சத்தம் கேட்டு நிலையத் தலைவி ஓடிவந்தார். ஆற்றிலேயே தலை நரைத்த அம்மாள். நெட்டை அரைகுறை மொழியில் எதையோ சொல்ல, அவர் மறுபேச்சில்லாமல் ஆம்புலன்ஸுக்கு வழிகாட்ட வாசலுக்குப் போனார். மேடத்தின் விரல்களைப் பிடித்திருந்த வக்கீலின் கை மட்டும் ஆஸ்பத்திரி வரைக்கும் விடவேயில்லை.

இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு. நீக்கிவிட்டார்கள். சாயங்காலம் வரை காத்திருந்திருந்தால் என் வேலை சுலபமாகியிருக்கும், செய்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது என்றார் டாக்டர். அந்த ஊரில் டாக்டர்கள் இப்படித்தான் பேசுவார்கள் போலும்.

படிப்பு நிற்கவில்லை. நிலையத் தலைவியிடம் அதே முதலுதவித் தகுதி இருந்தது. பருவம் முடிகிற வரைக்கும் நான் நிற்கிறேன் என்று அவர் முன்வந்தார், கல்லூரியும் ஒப்புக்கொண்டது. ஒரே ஒரு போனில் முடிந்த காரியம். இதற்காகவா உயிரை விடப் பார்த்தோம் என்று மேடம் வெட்கப்பட்டார். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். கேட்கத்தான் தோன்றவில்லை.

ஊரிலிருந்து கணவர் போனில் வந்தார். இருபத்தைந்து வருஷ தாம்பத்தியத்தில் கிண்டல் பண்ணாமல் ஒரு வாக்கியம் பேசாதவர். "அந்தப் பொண்ணுகிட்ட குடு" என்றார். வக்கீல் போனை வாங்கிக் காதில் வைத்தாள். அந்தப் பக்கத்திலிருந்து "அம்மாடி" என்று வந்தது, மறுபடியும் "அம்மாடி" என்று வந்தது. அதற்கு மேல் விசும்பல்தான். "சரி அங்கிள், சரி அங்கிள்" என்று இவளும் தேம்பினாள்.

மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் அவள் மட்டும் எட்டிப்பார்த்தாள். கட்டிலருகே வராமல் கதவோரமே நின்றாள்.

"உள்ள வாம்மா" என்றார் மேடம். "உன்னை வெளிய போன்னு சொல்லிட்டேன். உயிரைக் காப்பாத்த வந்தவள விரட்டியிருக்கேன். மன்னிச்சிடு."

"ஐயோ மேடம், நீங்க அப்படிச் சொன்னதாலதான் எனக்கு நிச்சயமாச்சு."

"எது?"

"கை ஜில்லுனு இருந்தது, வேர்த்தது, எல்லாம் சரி. ஆனாலும் சந்தேகம்தான். நீங்கதான் பெரிய நடிகையாச்சே." அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "உங்களுக்கு என்னைக் கண்டா ஆகாதுன்னு எனக்குத் தெரியும் மேடம். ஆனா பயிற்சியில நான் சரியா ஒண்ணைக் கண்டுபிடிச்சா, விழுந்து கிடக்கறப்பகூட உங்களுக்குச் சிரிப்பு வந்துடும். அடக்கவே தெரியாது. நேத்து நான் சரியாத்தான் சொன்னேன், நீங்க திட்டினீங்க. அப்பதான் இது நடிப்பு இல்லன்னு தெரிஞ்சுது."

பிடிக்காத பிள்ளையின் வெற்றியிலும் தனக்கே தெரியாமல் தான் சிரித்திருப்பது மேடத்துக்கு இப்போதுதான் தெரிந்தது. அந்தப் பிள்ளை அதைப் பார்த்துப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறது. அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நன்றிம்மா" என்றார். அது போதவில்லை போலத் தோன்ற, மறுபடியும் சொன்னார்.

"நேரமாச்சு மேடம். லேட்டா போனா தலைவி மேடம் எல்லார் பூட்ஸையும் கழுவ விட்டுடுவாங்க" என்று அவள் கையை உருவிக்கொண்டு ஓடினாள்.

ஜன்னல் வழியே பஸ் நிறுத்தம் தெரிந்தது. பிள்ளைகள் கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். வக்கீல் சாலையைக் கடந்து போய்ச் சேர்ந்துகொண்டாள். பஸ் வந்தது, முண்டியடித்து ஏறினார்கள். ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. அவர் இல்லாமலேயே வேலைக்குப் போகிறார்கள். மேடத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. வருத்தமில்லை. இத்தனை பேர் தன்னைச் சுமந்திருக்கிறார்களே என்ற நன்றிதான்.

நர்ஸ் வந்து திரையை விலக்கினார். கண்ணீரைப் பார்த்துவிட்டு, "எங்கேயாவது வலிக்கிறதா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல மேடத்தின் நாக்கு புரண்டது. அதை நிறுத்திக்கொண்டு, "ஆமா, முதுகுல கொஞ்சம் வலிக்குது. என்னன்னு பாருங்க" என்றார்.