ஊசியில் நிற்காத அட்டை

வந்திருந்தவர்கள்:

லியோனார்ட், ஆஸ்பத்திரி வண்டி நடத்தும் சங்கத்தின் தலைவர். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டம் அவர் வீட்டு முன்னறையில்.

தங்கப்பாண்டி, பொருளாளர். மளிகைக் கடை. ஊர் சாத்தூர்ப் பக்கம்.

சிலுவைமுத்து, கட்டுமரக்காரர். உண்டியல் டப்பாவோடு தெருத்தெருவாகப் போகிறவர்.

ஃப்ளோரா. அட்டைகள் அவள் பொறுப்பு.

அழைக்காமல் வந்தவர்: வியாகுலம்மாள், மீன் விற்பவர்.

(நான் இல்லை. ராத்திரி ஷிஃப்ட்காரன் பகல் கூட்டம் எதிலும் இருக்கமாட்டான்.)

1

இந்தக் கதை ஒரு கதவிலிருந்து வந்தது. திருவொற்றியூர் இரும்பு வார்ப்பாலையில் ஷிஃப்ட் முடிந்து குப்பத்து வழியாக வீடு திரும்பிய ஒரு காலையில் அதைப் பார்த்தேன். என் கண்ணால் கண்டது அந்த ஒரு காலை மட்டும்தான். மற்றதெல்லாம் பிற்பாடு ஃப்ளோரா சொன்னது, தெரு சொன்னது. இரண்டும் ஒட்டாத இடங்களில் நான் இட்டு நிரப்பியது. கதவு கடைசியில் வரும்.

எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. 'கடற்காற்றில் உப்பு மணக்கும் அந்த இனிய காலை'... வேண்டாம். அந்தப் பக்கம் காற்றில் மணப்பது உப்பு இல்லை. 'அந்தக் காலம் நன்றாக இருந்தது' என்று எழுதி அடித்தேன். நன்றாக ஒன்றும் இல்லை. ஆனால் துறைமுகத்துச் சங்கு ஊதினால் தெருவே சோற்றுத் தட்டை எடுக்கும் அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதை என்ன செய்வது?

வண்டியிலிருந்து தொடங்குகிறேன்.

2

சங்க வண்டி ஒரு பழைய வேன். பாதி வெள்ளை, மீதி துரு. துறைமுகத்தில் அடிபட்டவனையும் கடலில் அடிபட்டவனையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது அதன் வேலை. எண்ணூரில் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி எழும்பிக்கொண்டிருந்த வருடம், பெட்ரோலுக்குப் பணம் இல்லாமல் அது தேவாலயத்துப் பின்பக்கம் நின்றுவிட்டது. நிலக்கரித் தொட்டியில் விழுந்த ஒருவரைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு போனார்கள். ஃப்ளோராவின் வீட்டு வாசல் வழியாகத்தான் போனார்கள். அவள் பார்த்தாள்.

அவளுக்கு வேலை துறைமுகம் பக்கம் ஒரு கம்பெனியில், எந்திரக் கணக்குப் பிரிவில். நாள் முழுக்க அட்டைகளில் துளை போடுவாள். எந்திரம் அந்தத் துளைகளைப் படித்து, கேட்ட அட்டையை மட்டும் பிரித்துத் தள்ளும். கப்பலில் வந்த மூட்டைகளைப் பிரிக்கத் தெரிந்த முறைக்கு மனிதர்களைப் பிரிக்கத் தெரியாதா என்று அவளுக்குத் தோன்றியது.

(இந்த வாக்கியத்தை நான் எழுதியதும் நிறுத்தினேன். அவள் அப்படி நினைத்தாளா? நினைக்கவில்லை என்றுதான் பின்னாளில் சொன்னாள். 'பெட்ரோலுக்கு வழி பண்ணணும்னு மட்டும் நெனச்சேன், நீ பெருசா எழுதாத.' இருந்தாலும் விட்டுவைக்கிறேன்.)

எந்திரம் கிடையாது. லியோனார்டின் பழைய டிக்கெட் துளைப்பான் இருந்தது. சட்டைப் பெட்டி அட்டைகளை ஒரே அளவாக வெட்டி, நான்கு ஓரமும் துளை போட்டாள். வீட்டுக்கு ஓர் அட்டை. ஒவ்வொரு துளைக்கும் ஒரு கேள்வி. ரயில்வேயா? சம்பளம் மாதக் கடைசியிலா? கடைக்காரரா? கடலுக்குப் போகிறவரா? 'ஆமாம்' என்றால் அந்தத் துளையை ஓரம்வரை கத்தரித்துவிடுவாள். பிறகு அட்டைக் கட்டில் ஒரு துளை வழியாக ஸ்வெட்டர் பின்னும் ஊசியை நுழைத்துத் தூக்கினால், கத்தரித்தவை மட்டும் பொலபொலவென்று மேஜையில் விழும். மற்றவை ஊசியிலேயே தொங்கும்.

* ஸ்வெட்டர் ஊசி மெட்ராஸில் எதற்கு? மடத்துப் பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரீகள் எல்லாப் பெண்களுக்கும் பின்னல் கற்றுக்கொடுத்தார்கள். ராயபுரத்தில் எந்தக் குழந்தைக்கும் குளிர்ந்ததே இல்லை, ஆனால் எல்லாக் குழந்தைக்கும் கம்பளிக் காலுறை இருந்தது.

3

அதற்கு முன்பு டப்பா மாதத்தின் முதல் ஞாயிறு எல்லா வாசலுக்கும் ஒரே மாதிரி போகும். ஃப்ளோரா மாற்றினாள். ரயில்வே தெருக்களுக்குச் சம்பள வாரத்தில் போனார்கள். குப்பத்துக்கு மீன் படுகிற மாதங்களில் மட்டும். கடைக்காரர்களிடம் காலையில் மட்டும். விளக்கு வைத்த பிறகு கடையிலிருந்து பணம் வெளியே போகாது என்று தங்கப்பாண்டி சொன்னார். "நானே குடுக்க மாட்டேன், இவளுக்காகவா குடுக்கப்போறேன்?" என்று சொல்லிச் சிரித்தார். அதற்கும் ஒரு துளை போட்டாள்.

வண்டி மறுபடி ஓடியது. அது முதல் தடவை தெருமுனை திரும்பியபோது லியோனார்ட் சட்டைப் பையிலிருந்து பழைய விசிலை எடுத்து ஊதினார். யாரோ ஒரு கார்டு கொடுத்துப்போன, ரயில் கிளப்புகிற விசில். ஃப்ளோராவுக்கு அன்று முழுக்க அந்தச் சத்தம் இனித்தது.

கதையை இங்கே முடித்திருக்கலாம். எந்திர முறையும் நல்ல மனசும் சேர்ந்தால்... இல்லை. அப்படி முடிகிற கதையைச் சங்க ஆண்டு மலரில் போடுவார்கள்.

4

அடுத்த துளை மூலையில். தொடர்ந்து மூன்று தடவை டப்பாவில் ஒன்றும் போடாத வீடு என்றால் மூலையைக் கத்தரிப்பாள். ஊசி தூக்கும்போது விழுகிற அந்த அட்டைகள் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போகும். சிலுவைமுத்து அந்த வாசல்களுக்குப் போக வேண்டாம். அவருக்கு முழங்கால் வலி. அந்த நடையை மிச்சம் பிடிக்கலாம் என்பது அவள் கணக்கு. இரக்கத்தில் செய்ததுதான், அதைச் சொல்லியாக வேண்டும்.

ரயில்வே தெருவில் டப்பா வராத வீட்டுக்காரர்கள் நிம்மதியாக இருந்தார்கள். குப்பத்தில் டின்னுக்குள் போனது ஒரே ஓர் அட்டை. வியாகுலம்மாள்.

5

தொடக்கத்தில் சொன்ன அந்தக் கூட்டத்தில் அடுத்த வருடத்துக்கு இன்னொரு வண்டி வாங்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வியாகுலம்மாள் கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல், சிலுவைமுத்துவைப் பார்க்காமல், லியோனார்டைக் கேட்டாள்.

"சார், என் வூட்டுக்கு டப்பா வர்றதில்ல. இன்னா தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லிடுங்க. நானே ஒதுங்கிக்கிறேன்."

லியோனார்டுக்குப் புரியவில்லை. ஒரு தடவை விட்டுப்போனதற்கு இவ்வளவா என்றார் தங்கப்பாண்டி. சிலுவைமுத்துதான் தரையைப் பார்த்துக்கொண்டு விளக்கினார். குப்பத்தில் ஊர்ப் பெரியவர்கள் தட்டு ஏந்தி வரி எடுப்பது உண்டு. கொடுக்க வழியில்லாதவன் வாசலுக்கும் தட்டு போகும்; அவன் கையால் தொட்டு அனுப்புவான். தொட்டால் கொடுத்த மாதிரி. தட்டு ஒரு வாசலைத் தாண்டிப் போனால், அந்த வீட்டை ஊர் ஒதுக்கிவிட்டது.

சங்க டப்பாவையும் வியாகுலம்மாள் அப்படித்தான் மூன்று தடவையும் தொட்டு அனுப்பியிருக்கிறாள். அட்டையில் தொட்டவர்களுக்குத் துளை இல்லை. மூலையைக் கத்தரித்தது தான்தான் என்று ஃப்ளோரா சொன்னாள்.

"உனக்குத் தெரியுமில்ல, ஏன் சொல்லல?" என்று ஃப்ளோரா சிலுவைமுத்துவைக் கேட்டாள்.

"பேரு அட்டைக் கட்டுல இல்ல. பெரியவங்க ஒக்காந்து முடிவு பண்ணிட்டீங்கன்னு நெனச்சிக்கினேன். நானே அந்த வூட்ல தண்ணி குடிக்கிறத விட்டுட்டேன் பாப்பா."

அவர் விட்டதைப் பார்த்து அடுத்த வீடு விட்டது. மீன் ஏலத்துக்குப் போனால் பக்கத்தில் யாரும் கூடை வைப்பதில்லை. அது போகட்டும் என்றாள் வியாகுலம்மாள். மகள் பிலோமிக்கு எர்ணாவூரில் நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் காதுக்கும் எட்டிவிட்டது. நாளைக் காலை நிச்சயத் தட்டைத் திருப்பிக் கொடுக்க வருகிறார்கள்.

லியோனார்ட் உடனே காகிதத்தை எடுத்தார். தவறு எங்களுடையது என்று எழுதி, சங்க முத்திரை குத்தித் தருவதாகச் சொன்னார்.

"லெட்டர யாரு படிப்பாங்க சார்? டப்பா நடந்து வரணும்."

சிலுவைமுத்து எழுந்து, நானே எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றார்.

"நீ வராத மாமு. நீ வுட்டுட்டு, நீயே வந்தா, காசு குடுத்து இட்டாந்தேன்னு சொல்வாங்க." அப்போதுதான் முதல்முறையாக ஃப்ளோராவைப் பார்த்தாள். "கத்திரி வச்சது யாரோ, அவங்க வரட்டும்."

6

இங்கிருந்து எனக்கு மூன்று வழி.

முதல் வழியில் ஃப்ளோரா அட்டைகளைக் கொல்லைப்புறத்தில் போட்டுக் கொளுத்துகிறாள். எழுதிப் பார்த்தேன். தீ நன்றாக வந்தது, ஆனால் பொய். அட்டைகளைக் கொளுத்தினால் வண்டிக்குப் பெட்ரோல் எங்கிருந்து வரும்? அவள் அவ்வளவு முட்டாள் இல்லை.

இரண்டாவதில், மூலைத் துளைக்குப் பக்கத்தில் 'தொட்டவர்' என்று புதுத் துளை போடுகிறாள், எல்லாம் சரியாகிவிடுகிறது. போட்டாள், அது உண்மை. கூட்டம் நடந்த அந்த ஞாயிறு மாலையே போட்டாள். ஆனால் துளை போட்டால் எர்ணாவூர்க்காரன் மனசு மாறுமா?

மூன்றாவது, நான் பார்த்தது.

7

ஐப்பசி மழை விட்டிருந்த காலை. கடல் கலங்கிக் கிடந்தது, கட்டுமரங்கள் கரையில். ஃப்ளோராவின் அட்டைகளின்படி குப்பத்தில் கேட்கவே கூடாத மாதம்.

அவள் ஆபீசுக்கு லீவு போட்டிருந்தாள். ஆபீஸ் போகும் புடவை, கையில் டப்பா. நேராக வியாகுலம்மாள் வீட்டுக்குப் போகவில்லை. அது ஏற்பாடு மாதிரித் தெரியும் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. தெருவின் முதல் குடிசையில் தொடங்கினாள். "சங்க வண்டிக்கு." ஒருத்தி டப்பாவைத் தொட்டாள். அடுத்த வீட்டில் ஒரு கிழவர் தொட்டார். வலை பிரித்துக்கொண்டிருந்தவன் கையைத் துடைத்துவிட்டுத் தொட்டான். யாரிடமும் காசு இல்லை. டப்பா ஒரு சத்தமும் போடாமல் வீடு வீடாக நகர்ந்தது. தெரு முழுக்க வாசலுக்கு வந்து பார்த்துக்கொண்டு நின்றது. நானும் நின்றேன்.

வியாகுலம்மாள் வீட்டு வாசலில் வெளியூர்ச் செருப்புகள் கிடந்தன. உள்ளே பேச்சுச் சத்தம். ஃப்ளோரா நின்றாள். டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மற்ற வாசல்களில் சொன்ன அதே குரலில் சொன்னாள்.

"சங்க வண்டிக்கு."

பேச்சு நின்றது. வியாகுலம்மாள் வாசலுக்கு வந்தாள். டப்பாவைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள். தொடவில்லை.

"டப்பாவோட உள்ள வா," என்றாள்.

(உள்ளே என்ன நடந்தது என்று ஃப்ளோரா என்னிடம் சொன்னாள். நான் எழுதப்போவதில்லை. தெரு அன்று தெரிந்துகொண்டதைவிட அதிகம் தெரிந்துகொள்ள உங்களுக்கு என்ன உரிமை? தட்டு திரும்பியதா, பிலோமி எங்கே வாழ்ந்தாள் என்பதெல்லாம் உங்கள் பொறுப்பு. எப்படி முடித்தாலும், அந்த டப்பா காலியாகத்தான் இருந்தது என்பதை மட்டும் மறக்காமல் முடியுங்கள்.)

ஃப்ளோரா தன் செருப்பை அந்தச் செருப்புகளுக்குப் பக்கத்தில் கழற்றி விட்டாள். குனிந்து நுழைந்தாள். பகலில் அந்தக் குப்பத்தில் எவரும் கதவை அடைத்து நான் கண்டதில்லை. வியாகுலம்மாள் அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டாள்.