பிரிக்காத கோடிச் சேலை

மைசூர் மிஷன் ஆஸ்பத்திரித் தோட்டக்காரன் மாரிசாமி காய்ச்சலில் செத்துப்போனபோது, போதகர் ஆசீர்வாதத்துக்கு ஒரே கவலை. சொந்த ஊரான ராமாபுரத்திலிருந்து வரும் உறவுக்காரர்கள் சடங்கு சாங்கியம் என்று எதையாவது ஆரம்பித்துவிடக் கூடாது. மாரிசாமியும் மனைவி மல்லம்மாவும் ஞானஸ்நானம் பெற்று ஒரு வருஷம்கூட ஆகவில்லை. போதகர் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் இருந்தார்.

ஆசீர்வாதம் கெட்டவர் அல்ல. இந்தக் கதையில் வயிற்றெரிச்சலே அதுதான். மாரிசாமி படுத்த நாள் முதல் கட்டிலை விட்டு நகராதவர். ஆனால் மிஷன் காம்பவுண்டுச் சுவருக்குள் பிறந்து, அதற்குள்ளேயே படித்து, அதற்குள்ளேயே பெண்ணும் எடுத்தவர். சுவருக்கு வெளியே ஒரு சாவு வீட்டில் அவர் கால் வைத்ததில்லை.

மல்லம்மாவின் அண்ணன் சென்னிமலை தந்தி கண்டு, பஸ் மாறி வந்து சேர்ந்தான். கையில் மஞ்சள் தடவிய காகிதப் பொட்டலம். தங்கையை நோக்கிப் போனவனைப் போதகர் மறித்தார்.

“என்ன அது?”

“கோடிச் சேலைங்க. அவ மேல போத்திப்போட்டு ஒதுங்கிக்கறனுங்க.”

“இங்க அதெல்லாம் கெடையாதப்பா. இவங்க பழசையெல்லாம் விட்டுட்டாங்க.”

“சாமி கும்பிடச் சொல்லலீங்க. இது பொறந்தவன் செய்யற மொறைங்க.”

“மஞ்சள் தடவியிருக்கே. எடுத்துட்டுப் போ.”

தலைமாட்டில் இருந்த மல்லம்மா எழுந்தாள். போதகர் பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். அவள் ஒரு வார்த்தை சொல்வாள் என்று சென்னிமலை நின்று பார்த்தான். சொல்லவில்லை. பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அடக்கத்துக்குக்கூட நிற்காமல் போய்விட்டான். போதகர் அன்றைக்கு வழக்கத்தைவிட நீளமாக ஜெபம் செய்தார்.

தோட்டக்காரனுக்கு விட்ட வீடு அடுத்த தோட்டக்காரனுக்குப் போக வேண்டியது. ஆஸ்பத்திரி கோடைவரை தவணை கொடுத்தது. “அண்ணன் வீட்டுக்குப் போயேன்” என்றார் போதகர். “அங்க முடியாதுங்க” என்றாள் மல்லம்மா. துக்கத்தில் பேசுகிறாள் என்று அவர் விட்டுவிட்டார்.

அந்தக் கோடையில் ஊழியக்காரர்களுக்கு வகுப்பெடுக்க ஓர் அமெரிக்கப் பேராசிரியர் வந்தார். மானிடவியல் என்று ஏதோ புதுப் பாடம். இதெல்லாம் எதற்கு என்று போதகர் கடைசி பெஞ்சில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். “ஒரு வழக்கத்தைத் தள்ளும் முன், அது அவர்களுக்கு என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். தள்ளிய பிறகு அந்த வேலையை யார் செய்வார் என்றும் கேளுங்கள்” என்றார் பேராசிரியர். ஆளுக்கொரு வழக்கத்தை விசாரித்து வரும்படி சொல்லி அனுப்பினார்.

போதகருக்குக் கோடி நினைவு வந்தது. மல்லம்மாவிடம் கேட்டார்.

“புருசன் போயிட்டா பொறந்தவன் கோடி போத்துவானுங்க. இனிமேல் இவ எங்க பொறுப்புன்னு நாலு பேர் முன்னால சொல்றதுங்க. போத்தலீன்னா அவளுக்கு யாருமில்லைன்னு ஆயிருமுங்க.”

“அன்னிக்கே ஏம்மா சொல்லல?”

“ஆகாதுன்னு நீங்க சொன்னீங்க. ஆகாதாக்கும்னு இருந்துட்டனுங்க.”

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவர் ராமாபுரம் போனார். சென்னிமலை கட்டில் எடுத்துப் போட்டான், மோர் கொடுத்தான். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

“தப்பு என்னுதுப்பா. உன் தங்கச்சிய நீதான் கூட்டிக்கணும்.”

“தப்புன்னு யாருங்க சொன்னா? திரும்பி வந்த கோடிய வூட்டுக்குள்ள கொண்டாரக் கூடாதுங்க. பிரிக்காமக் காவேரில விட்டுட்டு, மச்சானுக்கும் அவளுக்கும் சேத்துத் தலை முழுகிட்டனுங்க. கருமாதியும் ஆச்சு.”

“அவ உசிரோட இருக்காளேப்பா.”

“நல்லா இருக்கட்டுமுங்க.” சென்னிமலை தெருப்பக்கம் பார்த்துக்கொண்டான். “ஊரைக் கூட்டிக் கருமாதி பண்ணிப்போட்டு அவளையே கூட்டியாந்து வெச்சா, என்ற வூட்டுல யாருங்க கை நனைப்பாங்க? நாளைக்கு என்ற மகளக் கட்ட எவன் வருவான்?”

பேராசிரியர் பாடத்தில் இதற்குப் பதில் இருந்ததாகப் போதகருக்கு நினைவில்லை. மோரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

திரும்பியபோது, காம்பவுண்டு வாசலில் மல்லம்மா தகரப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். புதுத் தோட்டக்காரன் வீட்டில் அதற்குள் அடுப்புப் புகைந்துகொண்டிருந்தது. போதகர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அனாதை விடுதியில் பெருக்குகிற வேலை கேட்டுப் பார்க்கிறேன், கர்த்தர் கைவிடமாட்டார் என்று சொல்ல வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்தவர் அவர். அதற்குள் அவளே கேட்டாள்.

“ஐயா, அந்தச் சேலை என்ன நெறமுங்க?”

பொட்டலத்தைப் பிரிக்கவே அவர் விடவில்லையே.

“தெரியலைம்மா” என்றார். ராமாபுரத்தில் அதையாவது கேட்டுக்கொண்டு வந்திருக்கலாம்.