அத்தான் பார்த்த முகம்

எங்கள் கேமராவுக்குத் தங்கை வைத்த பெயர் அத்தான். கல்யாணமே வேண்டாம் என்றிருக்கும் அக்காவின் கையைவிட்டு இறங்காத ஒன்றுக்கு வேறு என்ன உறவுமுறை பொருந்தும் என்பாள். பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தால் அத்தான் சாப்பிடுகிறார். ஈரப்பதம் படாமல் காக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் அத்தான் தூங்கப் போய்விட்டார்.

விலை உயர்ந்த மிரர்லெஸ் கேமரா. படம், வீடியோ இரண்டும் அதில்தான். மங்கிய வெளிச்சத்திலும் மனிதரின் கண்ணைத் தேடிப் பிடித்து ஃபோகஸை அங்கே நிறுத்தும். வாங்கி மூன்று வருடங்களாகின்றன. அதன் பொத்தான்கள் ஒவ்வொன்றையும் என் விரலுக்கு ஏற்றபடி மாற்றி வைத்திருந்தேன். கைப்பிடியில் என் நடுவிரல் படும் இடம் மட்டும் வழவழப்பாகியிருந்தது. மனிதர்களை நேராகப் பார்த்துப் பேசக் கூசும் எனக்கு, அவர்களை நெருங்கிப் பார்க்க ஒரு அனுமதிச் சீட்டு அது. அதை இன்னொருவரிடம் கொடுப்பது என்றாலே உள்ளங்கை வேர்க்கும்.

அந்த இன்னொருவர் என்று இருந்தது தங்கை மட்டும்தான். விளக்கு, ஒலி, பிறகு கணினியில் வெட்டி ஒட்டுவது எல்லாம் அவள் வேலை. செவ்வாய்க்கிழமை துணி மடித்துக்கொண்டே சொன்னாள். ஒரு பெரிய நிறுவனத்தில் ஒளிப்பதிவு செய்யக் கூப்பிடுகிறார்களாம். சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

"அங்க கேமரா என் கையில இருக்கும்க்கா."

உன்னைப் போல விளக்குப் பிடிக்க ஆள் கிடையாது என்று சொன்னேன். பாராட்டு என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் அது எப்படிக் கேட்கிறது என்று எனக்கே தெரிந்துவிட்டது. அவள் மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

வியாழக்கிழமை ஒரு பிசியோதெரபி நிலையத்தில் வேலை. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன பஸ் டிரைவர் ஒருவர் தேறி வருவதை மூன்று மாதமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். அன்று முதல்முறையாக, எதையும் பிடிக்காமல் நடக்கப்போகிறார். படத்தின் கடைசிக் காட்சி அதுதான்.

பிசியோதெரபிஸ்ட் அவருடைய இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வருவார். கால் மடங்கினால் உட்கார்த்த, பின்னால் ஒருவர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். வழக்கமாக அது அவர் மனைவியின் வேலை. அன்று அந்த அம்மா, தன்னால் பார்க்க முடியாது என்று வராந்தாவுக்குப் போய்விட்டார். தங்கை விளக்கை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு நாற்காலியைப் பிடித்தாள். நான் எதிரே நின்றேன்.

டிரைவர் இருபுறமும் பிடித்து நடக்கும் கம்பிகளிலிருந்து கையை எடுத்தார். ஏழு அடி வைத்தார். எட்டாவதில் நாற்காலியில் சாய்ந்து, வேர்த்த முகத்தோடு சிரித்தார். எனக்குக் கண் கலங்கியிருந்தது. திரையில் கலங்கலாகத் தெரிந்ததையெல்லாம் என் கண்ணீரின் கணக்கில் சேர்த்துவிட்டேன். ஃபோகஸ் பற்றிய கவலை எனக்கு எப்போதோ விட்டுப்போயிருந்தது. அதைத்தான் அத்தான் பார்த்துக்கொள்வாரே.

வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தோம். டிரைவர் முகம் முழுக்கக் கலங்கல். அவர் தோளுக்குப் பின்னால், நாற்காலியைத் தள்ளியபடி, தங்கையின் முகம் அவ்வளவு துல்லியமாக இருந்தது. ஒவ்வொரு இமைமுடியும் தெரிந்தது. அவர் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அவள் உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டே வந்திருக்கிறாள்.

காரணம் பிடிபட எனக்குக் கொஞ்ச நேரமானது. கேமரா வந்த முதல் நாள், சோதித்துப் பார்க்க அவளை எதிரே உட்கார வைத்து, அவள் முகத்தை அதில் பதிவுசெய்து வைத்திருந்தேன். யார் யார் இருந்தாலும் முதலில் இவளைப் பார் என்று கேமராவுக்குச் சொல்லிவைக்கும் வசதி அது. பிறகு மறந்தே போனேன். மூன்று வருடத்தில் அவள் ஒருமுறைகூட கேமராவுக்கு முன்னால் வரவில்லை. அதனால் தெரியவும் இல்லை.

அவளிடம் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அத்தானுக்கு என் மேல இவ்வளவு பாசமா? நீ சொல்லவே இல்லையே."

பிறகு சிரிப்பு நின்றது. தன் முகத்தையே திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கேமராவுக்கு முன்னாடி நிக்க ஆசைப்படலக்கா."

அவள் விரும்புவது என்ன என்று நான் கேட்கவில்லை. மூன்று வருடமாகத் தெரிந்ததைத்தான் கேட்காமல் இருந்தேன். பயந்தது கேமராவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்றல்ல. அவள் என்னைவிட நன்றாக எடுத்துவிட்டால், இந்த வீட்டில் நான் யார்?

மறுநாள் காலை நிலையத்துக்குப் போய், தவறு என்னுடையது என்று டிரைவரிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று தயாராகப் போயிருந்தேன். பேசும்போது அவர் வாய் இன்னும் ஒரு பக்கம் லேசாகக் கோணும்.

"ஒரே ரூட்ல தினம் ஆறு டிரிப் அடிச்சவன்மா நான். இன்னொரு டிரிப்தானே. டீசல் இருக்கு."

பிசியோதெரபிஸ்ட் மட்டும், இதற்கு மேல் இன்று கூடாது, ஒரே தடவைதான் என்றார்.

ஒரே தடவை. பையைத் திறந்தேன். கேமராவை எடுத்து, வாரைத் தங்கையின் கழுத்தில் நானே மாட்டினேன். என் கழுத்து திடீரென்று வெறுமையாகக் குளிர்ந்தது. அவள் மெனுவுக்குள் போய்த் தன் முகத்தைத் தேடி அழித்தாள். எனக்குச் சுருக்கென்றது.

நான் நாற்காலியைப் பிடித்தேன். டிரைவர் எழுந்தார். அவர் தோளுக்கு மேலாக அவள் தெரிந்தாள். நான் எப்போதும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். அவள் இரண்டையும் திறந்தே வைத்திருந்தாள்.

"அக்கா, குனிஞ்சுக்கோ. ஃபிரேம்ல வர்ற."

குனிந்தேன். அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தபடி, தேய்ந்த குதிகால்களை மட்டும் பார்த்துக்கொண்டு எண்ணினேன். பதினொன்று வரை போனது. வராந்தாக் கதவருகே அவர் மனைவி நிற்பதை அப்போதுதான் கவனித்தேன். தங்கை முன்பே கவனித்திருக்கிறாள். கடைசி அடியிலிருந்து கேமரா மெல்லத் திரும்பி அந்த அம்மாவின் முகத்தில் போய் நின்றது. நானாக இருந்தால் டிரைவரைவிட்டு நகர்ந்திருக்க மாட்டேன்.

சனிக்கிழமை காலை அவள் போனில் யாரிடமோ பேசும் சத்தம் கேட்டது. என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. கை சும்மா இருக்க முடியாமல் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து கேமராவை எடுத்து, பழகிய பொத்தானை அழுத்தினேன். வேறு ஏதோ நடந்தது.

"பொத்தானை மாத்திட்டியா?"

அவள் போனோடு வந்து, மேலேயிருந்த வட்டத் திருகியைச் சுட்டிக் காட்டினாள்.

"ஒண்ணுல வெச்சா உன் செட்டிங். ரெண்டுல வெச்சா என்னுது. எடுத்தா மறுபடி ரெண்டுலயே வெச்சுடு, என்ன?"

திருகி இரண்டில் இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, கேமராவை உள்ளே வைத்துக் கதவை மூடினேன்.