அங்கம்மாளின் அண்ணன்

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் கண்ணாயிரம் வீட்டில் திருட்டுப் போனது. பட்டும் போகவில்லை, நகையும் போகவில்லை. அரிசி போனது.

அரிசி எங்குமே கிடைக்காத காலம் அது. ரேஷன் கடையில் போட்டது உலையில் வைத்தால் தெருக்கோடி வரைக்கும் நாறியது. கிராமத்திலிருந்து டவுனுக்கு அரிசி கொண்டுவரச் சீட்டு வேண்டும். சீட்டில்லாமல் பிடிபட்டால் அரிசியும் போகும், ஆளும் உள்ளே போவான். ஒரே பெண் வள்ளியின் கல்யாணத்தில் அந்த நாற்றச் சோற்றைப் போட மனைவி அங்கம்மாளுக்கு மனசில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாயிரம் அன்று காலை சைக்கிளை எடுத்தார். பக்கத்துக் கிராமம் ஓரிக்கையில் தெரிந்த வீட்டில் கிச்சிலிச் சம்பா அரிசி வாங்கி, கச்சாப் பட்டு சுற்றி வரும் துணியில் இறுக்கிக் கட்டி, கேரியரில் வைத்து மிதித்து வந்தார். சோதனைச் சாவடியில் காவல் நின்றவன் துணியைப் பார்த்தான், நெசவுக்காரர் முகத்தைப் பார்த்தான், கையசைத்து விட்டுவிட்டான். பட்டு மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பது காஞ்சிபுரத்தில் யாருக்கும் வழக்கமில்லை. வீட்டுக்கு வந்ததும் மூட்டையைத் தறிக்குழிக்குள் இறக்கி வைத்தார்.

வீட்டுக்காரர்கள் எல்லாரும் பந்தலுக்கு மாவிலை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பின்வாசல் வழியாக யாரோ வந்து அதைத் தூக்கிப் போய்விட்டார்கள்.

அங்கம்மாள் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். கண்ணாயிரம் வெகுநேரம் குழியைப் பார்த்துக்கொண்டே நின்றார். தறி ஓடும்போது அவர் பேசாதிருப்பது யாருக்கும் தெரியாது, சத்தம் அவருக்காகப் பேசிவிடும். அன்றைக்குத் தறி நின்றிருந்தது.

“இன்னா போச்சுன்னு எழுதிக் குடுக்கறது?” என்றார் கடைசியில்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. எடுத்தவன் தெருவில் தைரியமாக நடந்து போய்க்கொண்டிருப்பான். பறிகொடுத்தவர்கள்தான் கதவைச் சாத்திக்கொண்டு பயப்பட வேண்டும். விடிந்தால் பிள்ளை வீட்டார் வந்து இலையில் உட்காருவார்கள். இலையில் என்ன விழும் என்பதை நினைக்கக்கூட இரண்டு பேருக்கும் தெம்பில்லை.

வாசலில் கோழிகளின் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், ஒல்லியான ஆள் ஒருவன் தலையில் அதே மூட்டையோடு நின்றான். அவன் சட்டையைப் பிடித்தபடி கான்ஸ்டபிள் கோதண்டபாணி. இருவருக்கும் பின்னால், மூட்டையின் ஓட்டையிலிருந்து சிந்திய அரிசியைப் பொறுக்கிக்கொண்டு தெருக்கோழிகள் அத்தனையும்.

மடக்கிக் கேட்டால் ஆள் வாயைத் திறக்கவில்லை என்றும், அரிசி சிந்திய வழியைப் பிடித்துக்கொண்டு வந்தால் அது இந்த வாசலில் முடிகிறது என்றும் கோதண்டபாணி சொன்னார். பிறகு கேட்டார்: “உங்க வீட்ல ஏதாச்சும் திருடு போச்சா?”

ஆமாம் என்றால் அரிசி ஸ்டேஷனுக்குப் போகும், கூடவே கண்ணாயிரமும். இல்லை என்றால் அரிசி மட்டும் போகும். எப்படிச் சொன்னாலும் நாளைக்குச் சோறில்லை. அவர் திருடனைப் பார்த்தார். அவன் கண்ணில் இருந்த பயம் அவருக்கு நன்றாகத் தெரிந்த பயமாக இருந்தது. காலையிலிருந்து அவர் நெஞ்சில் கிடந்ததும் அதுதான்.

“திருடு ஒண்ணும் இல்லீங்க. இவரு எம் மச்சான்.”

அங்கம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்குக் கூடப்பிறந்தவர் யாருமில்லை. கல்யாணத்தில் பெண்ணுக்கு நெற்றியில் பட்டம் கட்டத் தாய்மாமன் இல்லையே என்று பக்கத்து வீட்டுச் சீனிவாசனைச் சொல்லி வைத்திருந்தார்கள். கண்ணாயிரமோ வருஷக்கணக்கில் பேசாமல் சேர்த்து வைத்ததையெல்லாம் இன்றைக்கே செலவழிப்பவர்போலத் தொடர்ந்தார். கல்யாணம் என்றால் வீட்டுக்கு ஒரு படி ரேஷன் அரிசி கொடுப்பது இந்தத் தெரு வழக்கம் என்றும், அதை வாங்கி வரத்தான் மச்சானை அனுப்பியதாகவும் சொன்னார்.

“வீட்டுக்கு வர்றவரு எதுக்குப்பா பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்க்கினு இருந்தாரு?”

அங்கம்மாள் சுதாரித்துக்கொண்டாள். “ஊருக்குப் புதுசுங்க. ஏண்ணா, தெரு மாறிப் போய்ட்டியா?”

திருடன் தலையாட்டினான். மூட்டையும் சேர்ந்து ஆடி, கோழிகளுக்கு இன்னும் கொஞ்சம் விழுந்தது.

கோதண்டபாணி முடிச்சைத் தளர்த்தி ஒரு பிடி அள்ளினார். வெள்ளை வெளேரென்ற மெல்லிசு அரிசி. முகர்ந்தார். அவர் அந்தப் பிடியை ஒரு மணி சிந்தாமல் திரும்ப மூட்டையில் போட்டார்.

“உங்க தெரு ரேஷன் கடைக்கு என் கார்டையும் மாத்திக்கணும்மா,” என்றார்.

நாளைக்குச் சாப்பிட வரச்சொல்லி அங்கம்மாள் கூப்பிட்டாள். கண்டிப்பாக வருவதாகச் சொன்னவர், படியிறங்கும்போது திரும்பி, “மச்சானும் இருப்பாரில்ல?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதனால் மச்சான் இருந்தே ஆகவேண்டியதாயிற்று. பெயர் பரமசிவம் என்றான். உள்ளே ஜரிகை இருக்கிறது, அதுதான் இந்தக் கனம் என்று நினைத்துத் தூக்கினானாம். நெசவு தெரியாதவன். நழுவப் பார்த்தவனை அங்கம்மாள் தேங்காய் துருவ உட்கார வைத்தாள். ராத்திரிச் சாப்பாட்டைப் போட்டுக்கொண்டே, அண்ணன் என்றால் வெறுங்கையோடா வருவது என்று குத்திக் காட்டினாள். காலையில் எங்கேயோ போய் வந்தவன் தட்டில் பூவும் பழமும் வைத்திருந்தான். அதெல்லாம் எங்கே கிடைத்தது என்று கண்ணாயிரம் கேட்கவில்லை.

முகூர்த்தத்தில் வள்ளியின் நெற்றியில் பரமசிவம்தான் பட்டம் கட்டினான். வள்ளி காலில் விழுந்ததும் அவன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டான். பந்தியில் கோதண்டபாணிக்குப் பக்கத்து இலை அவனுக்கு. கான்ஸ்டபிள் சோறு கேட்கும்போதெல்லாம், “மச்சானுக்கும் போடுங்க,” என்றார்.

அடுத்த மாசி மாதம் வள்ளிக்கு வளைகாப்பு வந்தது. அண்ணனுக்குச் சொல்லாமல் எப்படி என்று அங்கம்மாள் பிடிவாதம் பிடித்தாள். விளையாட்டுக்குத்தான் சொல்கிறாள் என்று முதலில் கண்ணாயிரம் நினைத்தார். தட்டில் வெற்றிலை பாக்கை அவள் எடுத்து வைத்தபோது அப்படி நினைக்க முடியவில்லை. ஆனால் பரமசிவத்தின் வீடு எங்கே என்று அன்றைக்கு யாரும் கேட்டு வைக்கவில்லை. தெரிந்திருக்கக்கூடிய ஆள் இந்த ஊரில் ஒருவர்தான்.

கண்ணாயிரம் தட்டோடு ஸ்டேஷன் படியேறினார். மேஜையில் குனிந்திருந்த கோதண்டபாணி நிமிர்ந்து, என்ன காணாமல் போயிற்று என்று கேட்டார்.

வழக்கம்போல நேரமெடுத்துக்கொண்டு கண்ணாயிரம் சொன்னார்:

“மச்சான்.”