பார்க்க வந்தவள்

லண்டன் விமான நிலையத்துக் குடிவரவு வரிசை நகர நகர, லலிதா கைப்பைக்குள் துழாவி அந்த அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். நிரந்தர வதிவிட அட்டை. ஒல்லாந்துப் பிரசையான அவள் லண்டனில் இருக்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியத்துச் சட்டத்தின்படி ஒரு காலத்தில் கிடைத்தது. அட்டை வந்த அன்றைக்கே அவள் புருசன் ஆனந்தராஜா அதைக் கடைக்குக் கொண்டுபோய் லேமினேட் செய்துவிட்டார். பிறப்புச் சான்றிதழிலிருந்து கோயில் ரசீது வரைக்கும் லேமினேட் செய்து வைக்கிற சனம் அல்லவா நாங்கள்.

நாளைக்கு அவருடைய ஆட்டைத் திவசம். செத்து ஒரு வருடமாகியும் மனிதர் லண்டன் கிங்ஸ்பரி வீட்டை விட்டுப் போகவில்லை. காலையில் குசினிக்குள் தொண்டையைச் செருமுவார். அவள் தேத்தண்ணி ஊற்றப் போனால் பின்னால் அவர் உட்காரும் கதிரை இழுபடும். திரும்பிப் பார்க்க அவளுக்குப் பயம். தங்கை வீட்டில் கொஞ்ச நாள் நிம்மதியாகத் தூங்கலாம் என்றுதான் ஒல்லாந்துக்குப் போனாள். அங்கே அந்தச் சத்தம் இல்லாமல் கண்ணே மூடவில்லை. திவசத்துக்கு அவர் சாப்பாடு தேடி வருவார். பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் சமைத்துப் படைக்க அவளை விட்டால் ஆளில்லை.

உயிரோடு இருந்தபோது அந்தக் கதிரையில் இருந்துதான் வாதாடுவார். பிரிட்டிஷ் பிரசை, வாக்கு இருந்தது. பிரிட்டன் ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு பாராளுமன்றம் போட்ட சட்டத்துக்கு மேலே வேறொரு சட்டம் ஏறிக் குந்திவிட்டது, பிறகு பாராளுமன்றம் எதற்கு என்பார். எழுபத்திரண்டில் அதை ஏற்றி வைத்ததும் இதே பாராளுமன்றம்தானே என்று அவள் கேட்பாள். அப்படியென்றால் அதுவே இறக்கியும் வைக்கலாம் என்பார்.

“எங்கட சட்டத்தை நாங்கள்தான் எழுத வேணும், லலிதா.”

“அதே எழுபத்திரண்டில கொழும்பிலயும் இதைத்தானே சொன்னவை. எழுதி முடியேக்க எங்களுக்கு இருந்த காப்பு அதுக்குள்ள இல்லை.”

சிறுபான்மையினரைக் காக்கும் வாசகம் இலங்கையின் பழைய அரசியலமைப்பில் இருந்ததும் புதியதில் காணாமல் போனதும் அவருக்குத் தெரியாததல்ல. பேப்பரை விரித்துக்கொண்டார். ஆனாலும் விலகுவதற்குத்தான் வாக்குப் போட்டார். பிறகு ஒன்றியத்து ஆட்கள் எல்லோரும் புதிதாகப் பதிய வேண்டுமாம் என்று அவள் கலங்கியபோது, அட்டையை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நிரந்தரம் என்று போட்டிருக்கிறது, இனி என்ன பதிவு என்றார். அவளும் நம்பினாள்.

குடிவரவு மேசைக்குப் பின்னால் இருந்தவள் எங்கள் தமிழ்ப் பிள்ளை என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. எதற்கு வந்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டபடி அட்டையைப் புரட்டினாள். பக்கத்து மேசையை ஒருதரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தித் தமிழுக்கு வந்தாள்.

“அன்ரி, இந்தக் காட் இப்ப செல்லாது. பிரெக்சிட்டோட முடிஞ்சுது.”

பதியாமல் இங்கே வசிப்பதாகச் சொன்னால் மேலதிகாரியைக் கூப்பிட வேண்டிவரும், திருப்பி அனுப்பவும் கூடும் என்றாள். சும்மா வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. லலிதாவுக்குப் புருசன் மேல் பொல்லாத கோபம் வந்தது. எதிரே வைத்துச் சண்டை பிடிக்க ஆள் இல்லாததில் அது இரண்டு மடங்காயிற்று. பிந்திப் பதியலாம், சட்டத்தரணியைப் பிடிக்கலாம். எல்லாம் நாளைக்குப் பிறகுதான்.

“நான் திருப்பிக் கேக்கிறன் அன்ரி. சும்மா பாக்கத்தானே வந்தனீங்கள்?”

என்ர வீடு என்று சொல்ல வாய் எடுத்தாள். இலை போட ஆளில்லாமல் அவர் அந்தக் கதிரையில் காத்திருப்பது கண்ணுக்குள் வந்தது.

“ஓம் பிள்ளை. பாக்கத்தான்.”

“ஆரை?”

“என்ர மனுசனை.”

கிங்ஸ்பரியில் மழை தூறிக்கொண்டிருந்தது. லலிதா பெட்டியை வாசலில் நிறுத்தினாள். சாவி கையில்தான் இருந்தது. அதைத் துவாரத்தில் வைக்கப் போனவள், என்ன நினைத்தாளோ, கையை எடுத்து மணியை அடித்துவிட்டு ஓர் அடி தள்ளி நின்றாள்.

உள்ளே, குசினிப் பக்கம், கதிரை இழுபட்டது.