தாளில் எழுதிய பெயர்

என் மகன் மாதையன் புளி உலுக்கும்போது கிளை முறிந்து விழுந்து இறந்தான். பத்தொன்பது வயது. எண்பத்தைந்தாம் வருஷம் அது. நான்கு மாதம் கழித்து ஆலங்காயம் சந்தையில் யாரோ என் மனைவி அம்சவல்லியிடம் ஒரு சேதி சொன்னார்கள். அங்கே வாடகை வீட்டில் இருக்கும் மார்மன் என்ற வெள்ளைக்காரக் கிறிஸ்தவ சபைக்காரர்கள் செத்தவர்களின் பெயரை எழுதிக்கொள்கிறார்களாம். அவர்களுடைய நாட்டுக் கோயிலில் அந்தப் பெயருக்காக வேறொருவர் தண்ணீரில் முழுகி எழுந்தால், பிள்ளையும் பெற்றவர்களும் மறுபடி ஒன்றுசேரலாமாம்.

வருஷப் படையல் முடியும்வரை பெற்றவள் செத்த பிள்ளையின் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பது எங்கள் பங்காளிகளின் கட்டு. பெயரைச் சொல்லத்தான் என்னை அழைத்துப் போனாள்.

மலையிறங்கும் பஸ்ஸில் எங்கள் ஊர்த்தலைவர், ஊர்க்கவுண்டர் தாண்டவராயன் இருந்தார். "இன்னா கோபால்சாமி, பொண்டாட்டியோட சினிமாவுக்கா?" என்றவர் என் பக்கம் குனிந்தார். "அந்த வெள்ளக்காரங்க வூட்ல பையன் பேரக் குடுத்தீன்னா, படையலுக்கு ஊரு வராது. பாத்துக்க."

ஊர் வராமல் படையல் இல்லை. படையல் இல்லாமல் அவளுக்கு அந்தப் பெயரும் இல்லை.

அந்த வீட்டின் முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவர்கள் கோயிலின் சிறு உருவம் இருந்தது. வெள்ளை வெளேரென்று ஆறு கோபுரங்கள். ஓர் உச்சியில் பொன்னிறத்தில் ஒருவர் எக்காளம் ஊதிக்கொண்டிருந்தார்.

"மழையில நனைய மாட்டாரா?" என்று கேட்டாள் அம்சவல்லி.

தமிழில் விளக்கம் சொல்ல நின்ற சபைப் பெண் ரஞ்சிதம் சிரித்துவிட்டாள். "தேவதூதர்ம்மா அவரு."

"உள்ள இன்னா சாமி?"

"உள்ள சீட்டு வாங்குன சபையாளுங்க மட்டும்தான். நானே போனதில்ல. மத்தவங்க இந்த மாதிரி அறையில பொம்மைக் கோயிலப் பாத்துக்க வேண்டியதுதான்."

"நம்ம மலைக்கோயிலும் அப்படித்தான். சாவு வூட்டுக்காரங்க ஒரு வருஷம் வெளியதான்" என்றாள் அவள் என்னிடம்.

உள்ளிருந்து வந்த வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி ஒரு தாளை எடுத்து ரஞ்சிதத்திடம் கொடுத்தாள். மறுநாள் அவர்கள் ஊரைவிட்டுப் போகிறார்கள். கொடுப்பதென்றால் இன்றே கொடுக்க வேண்டும்.

"பையன் பேரு சொல்லுங்க."

ஜன்னலுக்கு வெளியே, டீக்கடையில், தாண்டவராயன் கிளாஸோடு நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசினால் கேட்கும் தூரம்தான்.

"ஏங்க, சொல்லுங்க" என்றாள் அம்சவல்லி.

"கோபால்சாமி" என்றேன்.

ரஞ்சிதம் எழுதினாள்.

"அது இல்ல" என்றாள் அம்சவல்லி.

"பின்ன இன்னாம்மா?"

அவள் உதடுகள் சேர்ந்தன. பிரியவில்லை. கண் மட்டும் என்மேல் இருந்தது.

"அழுது அழுது அவளுக்கு ஒண்ணும் நெனவு இல்லம்மா. அதான் பேரு. வயசு பத்தொம்பது" என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் வேறு சீட்டில் உட்கார்ந்தாள்.

எட்டு மாதம் கழித்து நடந்த படையலுக்கு ஊர் முழுக்க வந்தது. மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் அவள் தனியாக மலையிறங்கிப் போனாள். எங்கே போனாள் என்று போன தை மாதம் சாகும்வரை என்னிடம் சொல்லவில்லை. ஆலங்காயத்தில் அந்த வீட்டருகே டீக்கடை வைத்திருந்த குப்பன்தான் சொன்னான். பூட்டிக் கிடந்த அந்த வீட்டு வாசலில் செருப்பை விட்டுவிட்டு, கதவருகே நின்று, எழுதிக்கொள்பவர்களுக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்தி, "மாதையன், மாதையன்" என்று சொன்னாளாம்.