கல்யாணத்துக்கு ஆறு நாள், கையெல்லாம் அரிப்பு

கல்யாணத்துக்கு இன்னும் ஆறே நாள். மரக்காணத்தில் உப்பு மொத்த வியாபாரம் செய்யும் லியாகத் அலியின் வீட்டில் ஆளுக்கொரு பக்கம் பறந்துகொண்டிருந்தார்கள். பந்தல்காரர் ஒரு பக்கம், பிரியாணி மாஸ்டர் ஒரு பக்கம். அவர் மனைவி சைத்தூன் பீவிக்குக் கத்திக் கத்தித் தொண்டையே கட்டிவிட்டது. ஒரே மகள் ஹம்னாவுக்கு நிக்காஹ் என்றால் சும்மாவா? லியாகத் அலிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தோடு கையும் அரித்தது.

சாதாரண அரிப்பில்லை. மூன்று வருடமாய் சோரியாசிஸ். புறங்கை, மணிக்கட்டு, உள்ளங்கை ஓரமெல்லாம் சிவந்து தடித்து, வெள்ளை வெள்ளையாய்ச் செதில் உதிரும். டாக்டர் கொடுத்த களிம்பைத் தடவிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் மனசு கொஞ்சம் பரபரத்தால் போதும், தோலைப் பிய்த்து எறியலாம் போல அரிக்கும். கல்யாண வீட்டில் பரபரப்பு இல்லாமல் இருக்குமா?

இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அவர்கள் வழக்கப்படி நிக்காஹ் மேடையில் பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளையின் வலது கையைப் பிடித்துக்கொண்டு, ஜமாஅத் முழுக்கப் பார்க்க, ‘என் மகளை உங்களுக்கு மணமுடித்துக் கொடுத்தேன்’ என்று சொல்ல வேண்டும். ஸ்கூட்டர் ஓட்டும்போதும் கடையைப் பூட்டும்போதும் லியாகத் அலி எத்தனையோ முறை அந்த வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்திருக்கிறார். ஆனால் நிச்சயத்தன்று மாப்பிள்ளை தாஹாவின் பெரியப்பா சலாம் சொல்லிக் கை கொடுத்துவிட்டு, இவர் கையைப் பார்த்ததும் நைசாகத் தன் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார். லியாகத் அலி அதைப் பார்த்துவிட்டார். அன்றைக்கு அவருக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

ஹம்னா புதுச்சேரியில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். விவரம் தெரிந்த பெண்.

“அத்தா, இது ஒட்டுற வியாதி இல்ல. மொத்தமா போவாது, ஆனா அரிப்ப அடக்கலாம். வெதுவெதுன்னு தண்ணி எடுத்து ஒரு கைப்பிடி கல்லுப்பு போடுங்க. பத்து நிமிஷம் கைய வெச்சிருந்துட்டு, நல்ல தண்ணில அலசி, தேய்க்காம ஒத்தி எடுங்க. ஈரம் காயறதுக்குள்ள தேங்காண்ணெய். அவ்ளோதான்.”

“ஒரு கைப்பிடியா?” என்றார் லியாகத் அலி.

முப்பது வருடமாய் லாரி லாரியாய் உப்பு ஏற்றி அனுப்பும் மனுஷனிடம் போய் ஒரு கைப்பிடி என்றால்! வேறு வியாபாரியாய் இருந்தால் பேசாமல் சொன்ன அளவைப் போட்டிருப்பார். உப்பு வியாபாரிக்குத்தான் இப்படியொரு புத்தி வரும். ஒரு கைப்பிடிக்கே அரிப்பு அடங்குமென்றால், உப்பு விளைகிற இடத்துக்கே போய்விட்டால் இரண்டே நாளில் கை பளபளத்துவிடாதா?

மறுநாள் விடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனார். பாத்தியில் உப்பளத்துக் கூலிக்காரி ஆராயி உப்பு வாரிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பாத்தியில் தண்ணீர் கனத்து, ஓரமெல்லாம் உப்பு பூத்திருந்தது. லியாகத் அலி வரப்பில் குந்தினார், பிஸ்மில்லா சொன்னார், இரண்டு கையையும் மணிக்கட்டு முங்க உள்ளே விட்டார்.

அப்புறம் போட்ட கூச்சலில் கொக்குகள் எல்லாம் எழுந்து பறந்தன. சொறிந்து சொறிந்து வெடித்திருந்த தோலில் நெருப்பை அள்ளிக் கொட்டியது போல இருந்தது. கையை உதறிக்கொண்டு வரப்பில் குதித்தார். பெரிய வியாபாரி இப்படி ஆடி அந்த உப்பளத்தில் யாரும் பார்த்ததில்லை.

“அய்யோ பாய், இன்னா பண்ணீங்க!” ஆராயி உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். “அது உப்பு கட்டப்போற தண்ணிங்க! நாங்களே கால்ல எண்ணெய தடவிக்கினுதான் எறங்குறோம். வெடிச்ச கைய போயி அதுல வுடுவாங்களா?” குடிக்க வைத்திருந்த தண்ணீர்க் குடத்தை அப்படியே அவர் கையில் கவிழ்த்தாள்.

“உப்பு விக்கிறவருக்கு உப்பு போடுற அளவு தெரியல!” என்று வீட்டுக்கு வந்ததும் சைத்தூன் பீவி கட்டிய தொண்டையோடு கத்தினாள். ஹம்னா கத்தவில்லை. வெடிப்பு மூடும்வரை உப்பு பக்கமே போகக்கூடாது என்றாள். ஓட்ஸை மிக்ஸியில் மாவாக்கி, மெல்லிய துணியில் முடிந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் பிழிந்தாள். தண்ணீர் பால் போல ஆனதும் அத்தாவின் கையை அதில் வைத்தாள். எடுத்ததும் தேங்காய் எண்ணெய். அரிக்கும்போதெல்லாம் சொறிவதற்குப் பதில் குளிர்ந்த ஈரத்துணி. நகத்தை ஒட்ட வெட்டிவிட்டாள். கற்றாழைச் சோற்றை முழங்கையில் துளி தடவி, ஒத்துக்கொள்கிறதா என்று ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் மற்ற இடத்தில் தடவினாள். டாக்டரின் களிம்பையும் விடச்சொல்லவில்லை.

நாலாம் நாள் அரிப்பு பாதிக்குமேல் அடங்கிவிட்டது! லியாகத் அலிக்கு நம்பவே முடியவில்லை. மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்கினார். ஆனால் எழுந்து கையைப் பார்த்தால், சிவப்பு அப்படியே இருந்தது. பாத்தித் தண்ணீர் பட்ட இடம் முன்னைவிட மோசம். இந்தக் கையை ஜமாஅத் முன்னால் நீட்டுவதா? மானம் போய்விடும். பேசாமல் மைத்துனன் ஜபருல்லாவைக் கூப்பிட்டு, தன் வக்கீலாக, அதாவது தன் சார்பில், மேடையில் நீயே கை கொடுத்துவிடு என்றார். ஜபருல்லாவுக்கு வாயெல்லாம் பல். ஹம்னாவிடம் மட்டும் யாரும் மூச்சு விடவில்லை.

நிக்காஹ் அன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. சம்மதம் கேட்கப் பள்ளிவாசல் ஹஜ்ரத், நிக்காஹ் பதிவேடான தஃப்தரோடு பெண்ணின் அறைக்கு வந்தார். கூட இரண்டு சாட்சிகள், புது ஜிப்பாவில் ஜபருல்லா. லியாகத் அலி வாசலுக்கு வெளியே நின்றுகொண்டார்.

“உங்க அத்தாவோட வக்கீலா உங்க மாமா ஜபருல்லா கை குடுத்து, தாஹாவுக்கு உங்கள நிக்காஹ் செஞ்சு வைக்கிறதுக்கு சம்மதமாம்மா?”

இந்தக் கேள்விக்கு எந்தப் பெண்ணும் சத்தமாய்ப் பதில் சொல்வதில்லை. தலையைக் குனிந்து பேசாமல் இருந்தாலே சம்மதம்தான். ஹஜ்ரத் பேனா மூடியைத் திறந்தே விட்டார்.

“சம்மதம் இல்லைங்க ஹஜ்ரத்.”

சைத்தூன் பீவி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“தாஹாவுக்கு சம்மதம். மாமா கை குடுக்கிறதுக்குத்தான் சம்மதம் இல்ல” என்றாள் ஹம்னா. “எங்க அத்தா உசுரோட, நல்லா, தோ வாசல்ல நிக்கிறாரு. அவரு கை குடுத்தா சம்மதம்.”

லியாகத் அலி உள்ளே எட்டிப் பார்த்தார். “வேணாம்மா. கை இருக்கிற லட்சணத்த பாத்தியா? நாலு பேரு நாலு விதமா...”

“மூணு வருஷமா அந்தக் கையாலதான டெய்லி என்ன பஸ் ஏத்தி பைய எடுத்துக் குடுத்தீங்க? எனக்கு இன்னா ஆயிப்போச்சு அத்தா?”

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜபருல்லாதான் அவர் முதுகில் கை வைத்துத் தள்ளினான். “இன்னும் இன்னா மச்சான் யோசன? ஓடுங்க, ஓடுங்க!”

கிட்டத்தட்ட ஓடினார். மேடையில் தாஹா எதிரே உட்கார்ந்து, பெரியப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போதே கையை நீட்டினார். தாஹா சட்டென்று பிடித்துக்கொண்டான். லியாகத் அலிக்கு மணிக்கட்டில் அரிப்பு தொடங்கியது. அரித்தால் அரிக்கட்டும் என்று விட்டுவிட்டு, அந்த வாக்கியத்தை அவர் சொன்ன சத்தத்தில் மைக் கீச்சிட்டது. ஏற்றுக்கொண்டேன் என்று தாஹா கபூல் சொன்னான். பெண்கள் பக்கம் ஒரே ஆரவாரம்.

ஹஜ்ரத் துஆ ஓதத் தொடங்கினார். மண்டபம் முழுக்கக் கை ஏந்தியது. மூன்று வருடமாய்ப் பள்ளிவாசலில்கூடத் துண்டுக்குள் கையை மறைத்துக்கொண்டே துஆ கேட்டவர் லியாகத் அலி. இன்று துண்டைத் தோளில் போட்டார். சிவந்து, செதில் உதிர்ந்த இரண்டு கையையும் எல்லோரும் பார்க்க விரித்து ஏந்தி, எல்லோருக்கும் முன்னால் முதல் ஆமீனை அவர்தான் சொன்னார்.